மாயா பஜார் டப்பிங் படமா? இசை யாருடையது?

டப்பிங் இல்லை. 1957இல் விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படம். தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். கடோத்கஜன் இரண்டிலும் ரங்காராவ்தான். வேறு யாரால் முடியும்?

இசைதான் கொஞ்சம் சிக்கல். பெயர் கண்டசாலாவுக்கு. ஆனால் முதலில் அமர்ந்தவர் எஸ். ராஜேஸ்வர ராவ். அவர் நாலு மெட்டுப் போட்டுவிட்டு விலக, மிச்சத்தைக் கண்டசாலா முடித்தார். 'ஆஹா இன்ப நிலாவினிலே' பாட்டில் பி. லீலாவோடு பாடுவதும் அவரே. நம் மட்டக்களப்புக் கல்யாண வீடுகளுக்கென்றே எழுதினது போன்ற 'கல்யாண சமையல் சாதம்' திருச்சி லோகநாதனின் குரல்.

அப்புறம், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் கேட்டு வளர்ந்தவர்கள் படத்தின் கதையான வத்சலா கல்யாணத்தை, அதாவது பலராமர் மகள் வத்சலாவுக்கும் அபிமன்யுவுக்கும் நடக்கும் கல்யாணத்தை, வியாசரிடம் தேட வேண்டாம். அது நாட்டார் வழக்கில் வந்த கதை.