ட்ரேட் கெடு முடிந்தது, சண்டை முடியவில்லை

ஜூலை கடைசியில் மேஜர் லீக் பேஸ்பாலில் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கான ட்ரேட் கெடு முடிந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் தொனியே மாறிவிடுகிறது. பாதிப் பேர் ஆளை வாங்கி விற்கும் ஜெனரல் மேனேஜரை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள், மீதிப் பேர் மைதானத்தில் அணியை நடத்தும் மேனேஜரை. பெயர் வேண்டாம், எந்த அணியின் ரசிகர் என்று மட்டும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். இந்த முறை பெரும்பாலும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர் சமாசாரம்தான்.

கேள்வி: 1987-ல் இளம் பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்துவிட்டு வயதான பிட்சர் டாயில் அலெக்சாண்டரை எங்கள் அணி வாங்கியதுதான் பேஸ்பால் சரித்திரத்திலேயே படுமுட்டாள்தனமான ட்ரேட் என்கிறார் என் மச்சான். நான் இல்லை என்கிறேன். நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள். (டெட்ராய்ட் டைகர்ஸ் ரசிகர்)

நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் மச்சானின் கோபமும் புரிகிறது. ஸ்மோல்ட்ஸ் பின்னாளில் செய்ததையெல்லாம் அடுக்கினால் எந்த டெட்ராய்ட் ரசிகருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்: 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பது), 1996-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 2015-ல் ஹால் ஆஃப் ஃபேம். போதாக்குறைக்கு மிச்சிகன் மண்ணிலேயே வளர்ந்த பையன். சொந்த ஊர்ப் பிள்ளையை அட்லாண்டா பிரேவ்ஸுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களே என்று மனசு ஆறாது.

சரி, இப்போது 1987 ஆகஸ்ட் 12-க்குப் போங்கள். அன்றைக்கு டைகர்ஸ் அலுவலகத்தில் இருந்தவர்கள் கையில் இந்தப் பட்டியல் கிடையாது. அவர்கள் பார்த்ததெல்லாம் 20 வயதுப் பையன் ஒருவன், மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழான டபுள்-ஏ மட்டத்தில் 4 வெற்றி, 10 தோல்வி, இ.ஆர்.ஏ. 5.68, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்தரை ரன்னுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தவன். எதிரே டொரான்டோவோடு முட்டிக்கொண்டு நிற்கும் போட்டி, உருப்படியாக வீச இன்னொரு பிட்சர் இல்லை. 36 வயது அலெக்சாண்டர் வந்தார், 11 ஆட்டம் தொடங்கினார், 9 வெற்றி, தோல்வியே இல்லை, இ.ஆர்.ஏ. 1.53. கடைசி ஏழு ஆட்டத்தையும் டொரான்டோ தோற்க, சீசனின் இறுதி நாளில் ஃபிராங்க் டனானா 1-0 என்று முடித்துவைக்க, பிரிவுப் பட்டம் டெட்ராய்ட்டுக்கு வந்தது. அலெக்சாண்டர் இல்லாமல் அந்த இறுதி நாள் வரை போட்டி நீடித்திருக்குமா என்று மச்சானிடம் கேளுங்கள்.

அப்புறம் சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் மினசோட்டா ட்வின்ஸிடம் 4-1 என்று அடி வாங்கினார்கள், அலெக்சாண்டர் வீசிய இரண்டு ஆட்டமும் கோவிந்தா. இந்த ட்ரேடுக்குக் கெட்ட பேர் வந்தது ஸ்மோல்ட்ஸால் மட்டுமில்லை, அந்த ஒரு வாரத்தாலும்தான். டைகர்ஸ் மறுபடி பிளேஆஃப் பார்த்தது 2006-ல்.

படுமுட்டாள்தனம் வேண்டுமென்றால் 2016 ஜூனுக்கு வாருங்கள். 34 வயது ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், அதற்குச் சில நாள் முன்புதான் சியாட்டிலிடம் மூன்று இன்னிங்ஸ்கூட முடிக்காமல் 10 ரன் கொடுத்திருந்தார். அதைப் பார்த்த பிறகும் சிகாகோ வைட் சாக்ஸ் அவரை வாங்கி, பதிலுக்கு சான் டியகோவுக்குக் கொடுத்தவர்களில் ஒருவன் 17 வயது ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியர். அவன் நட்சத்திரம் ஆவான் என்று தெரியாமல் போனதை மன்னிக்கலாம். ஷீல்ட்ஸின் கை போய்க்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்கே கண்ணெதிரே தெரிந்த விஷயம், அதை எப்படி மன்னிப்பது? வைட் சாக்ஸுக்கு அந்த வருஷம் அவர் கொடுத்தது 4 வெற்றி, 12 தோல்வி, இ.ஆர்.ஏ. 6.77.

கேள்வி: 2020 உலகத் தொடர் ஆறாவது ஆட்டத்தில் எங்கள் பிட்சர் பிளேக் ஸ்னெல்லை வெளியே எடுத்த மேனேஜர் கெவின் கேஷை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதா? (டாம்பா பே ரேஸ் ரசிகர்)

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் பிட்சரை ஒரு தடவை வெளியே எடுத்தால் எடுத்ததுதான், கிரிக்கெட் மாதிரி அப்புறமாகப் பந்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால்தான் பிட்சர் நின்று வீசும் மண் திட்டை நோக்கி மேனேஜர் நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில் சில சமயம் ஒரு சீசனே இருக்கிறது.

2020 அக்டோபர் 27, ஆர்லிங்டன் மைதானம். ஏழில் நாலு ஜெயித்தால் சாம்பியன் என்ற அந்தத் தொடரில் டாட்ஜர்ஸ் 3-2 முன்னிலை, இந்த ஆட்டத்தில் ரேஸ் 1-0 முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸ், ஒரு அவுட். ஸ்னெல் அதுவரை போட்டது 73 பந்து, 9 ஸ்ட்ரைக்அவுட். டாட்ஜர்ஸ் வரிசையின் முதல் மூவர் பெட்ஸ், சீகர், டர்னர், மூவரையும் தலா இரண்டு முறை சந்தித்து ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட் ஆக்கியிருந்தார். ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் (ஒரு பேஸ் வரை போகும் ஹிட்) அடித்தார், அன்றைக்கு ஸ்னெல் கொடுத்த இரண்டாவது ஹிட் அவ்வளவுதான். கேஷ் டக்அவுட்டிலிருந்து கிளம்பிவிட்டார். அவரைப் பார்த்ததும் ஸ்னெல்லின் வாயிலிருந்து வந்ததை இங்கே அச்சிட முடியாது. அடுத்து ஆட வேண்டிய மூக்கி பெட்ஸுக்கு நிம்மதி, ஆட்டம் முடிந்ததும் அவரே அதை மறைக்காமல் சொன்னார்.

நிக் ஆண்டர்சன் வந்தார். பெட்ஸ் டபுள், இரண்டு பேஸ். கேட்சர் பிடிக்க முடியாத ஒரு வைல்ட் பிட்ச், பார்ன்ஸ் ஓடி வர 1-1. சீகர் முதல் பேஸ் பக்கம் தட்டிவிட, பெட்ஸ் ஓடி வந்து தொட்டார், 2-1. எட்டாவது இன்னிங்ஸில் அதே பெட்ஸ் ஹோம் ரன், 3-1, தொடர் முடிந்தது.

ஒரே பிட்சரை மூன்றாவது தடவை சந்திக்கும் பேட்டர் பொதுவாக நன்றாக அடிக்கிறார், இது பல வருஷப் புள்ளிவிவரம் காட்டும் உண்மை, ரேஸ் அந்தக் கணக்கை நம்பித்தான் பணக்கார அணிகளைத் தாண்டி அந்தத் தொடர் வரைக்கும் வந்தது. ஆகவே எடுத்ததை மட்டும் வைத்து கேஷை நான் திட்ட மாட்டேன். உள்ளே கொண்டுவந்த ஆளுக்காகத் திட்டுவேன். ஆண்டர்சன் அந்த பிளேஆஃபில் அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் ரன் கொடுத்திருந்தார், கை களைத்துப் போயிருந்தது எல்லோருக்கும் தெரியும். ஸ்னெல் மூன்றாவது சுற்றில் பலவீனமாவார் என்று ஒரு கணக்கு சொல்கிறது, சரி, ஆண்டர்சன் இப்போதே பலவீனமாக இருக்கிறார் என்று இன்னொரு கணக்கும் சொல்கிறதே, அதை ஏன் படிக்கவில்லை? கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கோபமில்லை, பாதிப் பக்கத்தோடு மூடி வைத்ததில்தான் கோபம்.

அந்த வருஷம் அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருது கேஷுக்குத்தான் போனது. வாக்குகளை பிளேஆஃப் தொடங்கும் முன்பே போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: கேஷ் எடுத்ததற்குத் திட்டு, 2003-ல் எங்கள் மேனேஜர் கிரேடி லிட்டில் எடுக்காததற்குத் திட்டு. மேனேஜர் என்னதான் செய்வது? (பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகர்)

நியாயமான கேள்வி. 2003 அக்டோபர் 16, யாங்கீ ஸ்டேடியம், நியூயார்க் யாங்கீஸுடன் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், பாஸ்டன் 5-2 முன்னிலை. பெட்ரோ மார்டினெஸ் ஏழு இன்னிங்ஸில் 100 பந்து போட்டாகிவிட்டது. எட்டாவதில் ஜீட்டர் டபுள், வில்லியம்ஸ் சிங்கிள், லிட்டில் திட்டுக்கு நடந்து போகிறார், பேசுகிறார், பிட்சரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்புகிறார்! மாட்சுய் டபுள், பொசாடா டபுள், 5-5. பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் ஹோம் ரன். சில நாளில் லிட்டிலின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று பாஸ்டன் சொல்லிவிட்டது.

இரண்டையும் ஒன்றாக்க எனக்கு மனமில்லை. ஸ்னெல் மட்டையில் யாரும் சரியாகத் தொடாத நேரத்தில் போனார், பெட்ரோ அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது நின்றார். பாஸ்டனின் புல்பென், அதாவது மாற்று பிட்சர் கூட்டம், அந்த பிளேஆஃபில் நல்ல நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். லிட்டில் செய்தது பெரிய தப்பு, கேஷ் செய்தது சின்னத் தப்பு. வலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒரு பிட்சரை வாங்கி, அதற்காக நாலு இளம் வீரர்களைக் கொடுப்பது கட்டுப்படியாகுமா? (மில்வாக்கி ப்ரூவர்ஸ் ரசிகர்)

மில்வாக்கிக்காரரே இப்படிக் கேட்கலாமா? 2008 ஜூலையில் சிசி சபாத்தியாவை கிளீவ்லாந்திடமிருந்து வாங்கினீர்கள். 11 வெற்றி, 2 தோல்வி, இ.ஆர்.ஏ. 1.65, ஏழு ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தானே வீசி முடித்தார். சீசன் முடிந்ததும் சந்தைக்கு வரப்போகிற பிட்சர், கை கெட்டால் கோடிக்கணக்கான டாலர் போய்விடும், அப்படிப்பட்ட ஆள் கடைசியில் மூன்று நாள் ஓய்வில் திரும்பத் திரும்ப வந்து வீசினார். நடுவில் 12 ஆட்டம் பாக்கி இருக்கும்போது மேனேஜர் நெட் யோஸ்ட்டை வேறு தூக்கினார்கள். செப்டம்பர் 28, இறுதி நாள், சிகாகோ கப்ஸுக்கு எதிராக 3-1, முழு ஆட்டமும் சபாத்தியாதான். அதே இடத்துக்குப் போட்டியிட்ட நியூயார்க் மெட்ஸ் அதே நாளில் தோற்றது. 1982-க்குப் பிறகு முதல் பிளேஆஃப்.

அங்கே ஃபிலடெல்ஃபியாவிடம் விக்டரினோவின் கிராண்ட் ஸ்லாம் (நாலு ரன் ஹோம் ரன்) வாங்கினார், அப்புறம் 161 மில்லியன் டாலருக்கு யாங்கீஸ் போய்விட்டார். நீங்கள் கொடுத்த நால்வரில் முக்கியப் பெயராகப் பேசப்பட்ட மாட் லபோர்ட்டா பெரிதாக வரவில்லை, ட்ரேட் நடந்த பிறகு பெயர் முடிவான மைக்கேல் பிரான்ட்லிதான் நன்றாக வந்தார். 26 வருஷம் காத்திருந்த ஊருக்கு அந்த விலை அதிகமில்லை என்பது என் கட்சி.

கேள்வி: எங்கள் அணி நல்ல பிட்சர் ஒவ்வொருவரையும் விற்றுவிடுகிறதே, ரசிகனுக்கு ஜெர்சி வாங்கவே பயமாக இருக்கிறது. (இன்னொரு ரேஸ் ரசிகர்)

பெயர் போடாத ஜெர்சியாக வாங்குங்கள். மேஜர் லீகில் ஆறு வருஷ சர்வீஸ் முடிந்தால் ஆட்டக்காரர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டும் அணி வரி கட்டினால் போதும். சின்னப் பட்ஜெட் அணி அந்த ஆறு வருஷம் முடியும்வரை வைத்திருந்தால் கையில் அதிகம் மிஞ்சாது, முன்பே விற்றால் மூன்று நாலு பேர் கிடைப்பார்கள். 2018-ல் கிறிஸ் ஆர்ச்சரை பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்து டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் உங்கள் அணி அள்ளிக்கொண்டு வந்ததே, அன்றைக்கு யாரும் ஜெர்சி பற்றி எழுதவில்லை. ஸ்னெல்லையும் அந்த உலகத் தொடர் முடிந்த இரண்டே மாதத்தில் சான் டியகோவுக்கு விற்றார்கள், அடுத்த வருஷம் 100 ஆட்டம் ஜெயித்தார்கள். புத்திசாலித்தனம் என்று தலை சொல்கிறது. இருந்தாலும் ஒரு பையன் பத்து வருஷம் ஒரே பிட்சரைப் பார்த்து வளர முடியாத அணியை நேசிப்பது கொஞ்சம் கஷ்டம்தான், அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்.

கேள்வி: பிட்சர் "போக மாட்டேன்" என்று சொல்ல முடியாதா? (ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் ரசிகர்)

மேஜர் லீகில் பத்து வருஷம், அதில் கடைசி ஐந்து ஒரே அணியில் என்றால் சொல்லலாம். ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியவர்களும் சொல்லலாம். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். டெட்ராய்ட்டிலிருந்து உங்களிடம் வந்த ஜஸ்டின் வெர்லாண்டருக்கு அந்த உரிமை இருந்தது. 2017 ஆகஸ்ட் 31, அப்போது இருந்த இன்னொரு நள்ளிரவுக் கெடுவுக்குச் சில நொடி முன்புதான் காகிதம் போய்ச் சேர்ந்தது. அவர் தூங்கப் போயிருந்தால் அந்த வருஷ உலகத் தொடர் கோப்பை ஹூஸ்டனுக்கு வந்திருக்காது. (அந்தக் கோப்பையில் எதிரணியின் சிக்னலைத் திருடியதன் பங்கு எவ்வளவு என்று தனியாக ஒரு இதழ் முழுக்கச் சண்டை போடலாம், இங்கே வேண்டாம்.)

கேள்வி: பணம் இருந்தால் எல்லாம் நடக்கும் என்பதற்கு எங்கள் மெட்ஸ் ஒரு பாடம் இல்லையா? (மெட்ஸ் ரசிகர்)

2023-ல் பிட்சர்கள் மேக்ஸ் ஷெர்சர், வெர்லாண்டர் இருவருக்கும் வருஷத்துக்கு 43 மில்லியன் டாலருக்கு மேல், இருவரும் நாற்பதை நெருங்கியவர்கள் அல்லது தொட்டவர்கள். கெடு நெருங்கியதும் கை விரித்து இருவரையும் டெக்சாஸ் பக்கம் அனுப்பினார்கள், சம்பளத்தில் பெரும் பகுதியையும் தாங்களே கட்டிக்கொண்டு. வேடிக்கை என்னவென்றால் அந்த ட்ரேடுகள் நல்ல ட்ரேடுகள். உரிமையாளர் பணத்தைக் கொடுத்து இளம் வீரர்களை வாங்கினார், அவ்வளவுதான். தப்பு கெடு நேரத்தில் நடக்கவில்லை, வயதான இரண்டு கைகளை நம்பி சீசனைத் தொடங்கியபோதே நடந்துவிட்டது.

கேள்வி: ஆட்டக்காரர்களை மாற்றுவதற்குப் பதில் மேனேஜர்களை மாற்றிக்கொண்டால் என்ன? (வைட் சாக்ஸ் ரசிகர்)

செய்து பார்த்துவிட்டார்கள். 1960 ஆகஸ்டில் கிளீவ்லாந்தும் டெட்ராய்ட்டும் ஜோ கார்டனையும் ஜிம்மி டைக்ஸையும் பரிமாறிக்கொண்டன. கிளீவ்லாந்து நாலாவது இடம், டெட்ராய்ட் ஆறாவது இடம்.

கேள்வி: "பெயர் பின்னர் அறிவிக்கப்படும் ஆட்டக்காரர்" என்று ட்ரேடில் போடுகிறார்களே, அது யார்? (கிளீவ்லாந்து கார்டியன்ஸ் ரசிகர்)

பெரும்பாலும் யாரோ ஒரு மைனர் லீக் பையன், அந்தப் பெயரைப் பிறகு பேசி முடிப்பார்கள். 1962-ல் உங்கள் ஊர் கேட்சர் ஹாரி சிட்டியை மெட்ஸ் அப்படித்தான் வாங்கியது. இரண்டு மாதம் ஆட விட்டுப் பார்த்தது, பிடிக்கவில்லை. பெயர் அறிவிக்கும் நேரம் வந்தபோது ஹாரி சிட்டியையே திருப்பி அனுப்பிக் கணக்கை முடித்துக்கொண்டது.