நோர்வுட் ஜங்ஷன்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள சேர்,

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள். முதுகலைப் படிப்புக்காக செப்டெம்பர் கடைசியில் லண்டன் போகிறேன். பள்ளியில் கூடப் படித்த இரண்டு தோழிகளும் வருகிறார்கள். வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கிறது, அந்த வாரம் முழுக்க நகரத்தைச் சுற்றுவது என்று முடிவு. ஒருத்தி 41 இடங்களுக்குப் பட்டியல் போட்டிருக்கிறாள். மூன்று பேருக்கும் இதுதான் முதல் வெளிநாடு. கொழும்பையே சரியாகப் பார்த்ததில்லை.

உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் லண்டனுக்குப் போய் மின்சிங் லேனைத் தேடியதாக ஒரே ஒரு வரி வருகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏன் அந்தத் தெரு? நாங்கள் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். கடன் வாங்கித்தான் அனுப்புகிறார்கள். அப்படியிருக்க ஒரு வாரம் ஊர் சுற்றுவது மனதை உறுத்துகிறது. அவர் இரண்டு கிலோ தேயிலைத் தூள் வேறு கட்டி வைத்திருக்கிறார். கொண்டு போகலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள மகளுக்கு,

உறுத்தலிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கும் அது இருந்தது.

2011 ஜூனில் ஒரு பயிற்சிக்காக மூன்று பேர் போனோம். நான், ஒரு பதுளைக்காரன், ஒரு கண்டிக்காரன். மூவரும் ஆசிரியர்கள், மூவரும் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். பயிற்சிக்கு முன்னால் ஒரு வாரம் கையில் இருந்தது. முதல் நாள் லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனில் ஒரு தேநீர் வாங்கினேன். இரண்டு பவுண்ட். அப்போது ஒரு பவுண்ட் ஏறக்குறைய 175 ரூபாய். அந்த வருடத்துக் கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளமே 380 ரூபாய்தான். அம்மா பகல் முழுக்கக் கூடையோடு மலையில் நின்றதை நான் ஒரு தூணில் சாய்ந்து ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்துவிட்டேன். அதுவும் நல்ல தேநீராக இருந்தாலாவது பரவாயில்லை!

முகத்தைப் பார்த்தே கண்டிக்காரன் கண்டுபிடித்துவிட்டான். அங்கேயே ஒரு சட்டம் போட்டான். பகலில் யாரும் ரூபாயில் கணக்குப் பார்க்கக் கூடாது, இரவு அறைக்குப் போய் ஒரே ஒரு தடவை பார்க்கலாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அறைக்குள் அடைந்து கிடந்தாலும் அம்மாவின் கடன் ஒரு ரூபாய் குறையப் போவதில்லை. திரும்பி வந்ததும் அம்மா முதலில் கேட்கப்போவது "என்னென்ன பாத்த?" என்றுதான்.

பட்டியல் விஷயத்துக்கு வருவோம். ஏழு நாளில் 41 இடம் என்றால் நாளைக்கு ஆறு. அது ஊர் பார்ப்பது இல்லை, தோட்டத்தில் காலையில் வேலைக்குமுன் பிரட்டுக்குப் போய்ப் பேர் போடுவது. பாதியை வெட்டச் சொல்லுங்கள். காசு கட்டி ஏறும் லண்டன் ஐ ராட்டினத்தை நாங்கள் கீழே நின்றே பார்த்தோம். 135 மீட்டர் உயரமாம். நம்மூரில் பள்ளிக்கூடம் போகவே அதைவிட ஏறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரிய மியூசியங்கள் பெரும்பாலும் இலவசம், அங்கே நேரத்தைச் செலவிடுங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் 33ஆம் அறையைத் தவற விட வேண்டாம். பொன் பூசிய வெண்கலத்தில் பௌத்தத் தேவி தாரா நிற்கிறாள், 8ஆம் நூற்றாண்டு, கிட்டத்தட்ட ஆள் உயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்தவள். மியூசியத்துக்கு 1830இல் கொடுத்தவர் பிரவுன்ரிக், 1815இல் கண்டி விழுந்தபோது ஆளுநராக இருந்த அதே ஆள். கண்டிக்காரன் பெயர்ப் பலகையை இரண்டு தரம் படித்தான். "ராஜாவைப் பிடிச்சது பத்தாதுன்னு இதையும் தூக்கிட்டு வந்துட்டானா?" என்று சத்தமாகவே கேட்டான். காவலர் திரும்பிப் பார்த்தார்.

முடிந்தவரை பஸ்ஸில் போங்கள், மாடியில் முன் சீட்டில். 15ஆம் இலக்கம் ஸ்ட்ராண்ட், சென் போல்ஸ், டவர் என்று போகும். பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், கார்டைத்தான் தொட வேண்டும். தொட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த பஸ்களுக்கு மறுபடி கட்டணம் இல்லை. எங்கள் காலத்தில் அந்த வசதி கிடையாது, நிறைய நடந்தோம்.

டியூப்பிலும் போகத்தான் வேண்டும். 1863இல் தொடங்கிய ரயில், உலகத்திலேயே முதல் நிலத்தடி ரயில். அதில் எங்கள் மானம் போன கதை ஒன்று இருக்கிறது. ஹட்டனை விட்டு சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கோச்சி நுழைந்தால் நாம் என்ன செய்வோம்? பெட்டி முழுக்க "ஹூ" போடும். லண்டன் பிரிட்ஜில் டியூப் ஏறினோம், மேடையைத் தாண்டி இருட்டுக்குள் நுழைந்தது, பதுளைக்காரன் "ஹூ..." என்றான். பழக்கதோஷம். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. அப்புறம் எதிரே அம்மாவின் மடியில் இருந்த ஒரு சின்னப் பையன் மெதுவாக "ஹூ" என்று பதில் போட்டான்.

நாங்கள் தங்கியது குரொய்டனில், ஒருவரின் வீட்டு மேல் அறையில். தினமும் ரயிலில்தான் நகரத்துக்கு வருவோம். இரண்டாம் நாள் காலை அரைத் தூக்கத்தில் இருக்கிறேன், அறிவிப்பு கேட்கிறது: "நோர்வுட் ஜங்ஷன்." பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டேன். எத்தனை வருடம் நம்மூர் நோர்வுட்டில் பஸ் மாறியிருக்கிறேன்! சுற்றிப் பார்த்தால் மலையும் இல்லை, கொழுந்து லொறியும் இல்லை, ஈரச் செங்கல் வீடுகள்தான். அதற்குப் பிறகு எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. சமர்செட் என்று நம் பக்கம் ஒரு தோட்டம் உண்டு. ஸ்ட்ராண்டில் சமர்செட் ஹவுஸைக் கண்டதும் பதுளைக்காரன், "இங்க எத்தனை டிவிசன்?" என்றான். எல்லாவற்றையும் ஊரோடு ஒப்பிடுவது பட்டிக்காட்டுத்தனம் என்று உங்களுக்கு யாராவது சொல்லலாம். சொல்லட்டும். துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து நம் மலைகளில் நட்டுவிட்டுப் போனார்கள். அங்கே போய் அதைக் கண்டுபிடிக்கிற வேடிக்கை நமக்கு மட்டும்தான் கிடைக்கும், கொழும்புக்காரருக்குக்கூடக் கிடையாது.

நாலாம் நாள் சண்டை வந்தது. உங்களுக்கும் வரும். ஒருவனுக்குக் கடை, ஒருவனுக்குப் படம் எடுக்க வேண்டும், எனக்கு ஒவ்வொரு பலகையையும் படிக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம். அன்றைக்குத்தான் நான் மின்சிங் லேனுக்குப் போனேன்.

ஏன் அந்தத் தெரு? நான் சின்னப் பையனாக இருந்தபோது யாராவது சம்பள உயர்வைப் பற்றி வாய் திறந்தால், "லண்டன்ல வெல விழுந்துபோச்சுப்பா" என்பார் கணக்கப்பிள்ளை. எனக்கு லண்டன் என்றால் ராணியும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. விலை விழுகிற இடம். விழுந்தது எங்கே என்று பார்க்க ஆசை. லண்டன் தேயிலை ஏலம் 1679இல் தொடங்கியது. நம் மலையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டபோது அதற்கு வயது இருநூறை நெருங்கிவிட்டது. அந்த வியாபாரத்தின் மையம்தான் மின்சிங் லேன். கடைசி ஏலம் 1998 ஜூன் 29இல் நடந்தது. நான் போய்ச் சேர்ந்தது 13 வருடம் பிந்தி.

ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து இறங்கும் சின்னத் தெரு, மூன்று நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். பல காலம் ஏலம் நடந்த பிளாண்டேஷன் ஹவுஸை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம், அப்போது பெயர் மட்டும் பிளாண்டேஷன் பிளேஸ். எதிர்ப்பக்கம் இன்னொரு பெரிய கட்டடத்தின் முன்னால் மூன்று வெண்கலக் குதிரைகள். கழுத்தில் அட்டை தொங்கும் ஆட்கள் சாண்ட்விச்சோடு போய்க்கொண்டிருந்தார்கள். தேயிலை வாசம் இல்லை. எதை எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அரை மணி நேரம் நின்றேன்.

இரவு அதைச் சொன்னபோது இரண்டு பேரும் பேசவில்லை. மறுநாள் காலை கடைக்காரன், அதாவது பதுளைக்காரன், "சரி, எங்களையும் அங்க கூட்டிட்டுப் போ" என்றான். குதிரைகளுக்குக் கீழே மூன்று பேரும் நின்று ஒரு படம் எடுத்தோம். அந்த வாரத்தில் மூவரும் சேர்ந்திருக்கும் படம் அது ஒன்றுதான். எடுத்துத் தந்த பெண் இதில் என்ன விசேஷம் என்று கேட்டார். "எங்கம்மா பறிச்சதை இங்கதான் வித்தாங்க" என்பதை பதுளைக்காரன் இங்கிலீஷில் சொன்னான். அவர் புரிந்துகொண்டாரா தெரியாது.

யாழ்ப்பாணத்தார் கடைகள் இருக்கும் ஈஸ்ட் ஹாமில் ஒரு நாள் சாப்பிடுங்கள். "ஊரில எவடம்?" என்று கேட்பார்கள். ஹட்டன் என்று நான் சொன்னதும், "ஓ... மலையகமோ" என்று ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியை நமக்குத் தெரியும். ஆனால் அதே ஆள்தான் கேட்காமலே இன்னும் மூன்று இடியப்பம் வைத்தார்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் போன ஜூனில் இரவு ஒன்பது தாண்டியும் வெயில். ஆறு மணிதானே என்று ஆற்றங்கரையில் நடந்து, சாப்பாட்டுக் கடையெல்லாம் பூட்டிய பிறகு பிஸ்கட்டோடு படுத்தோம். நீங்கள் போகும்போது பகலும் இரவும் நம்மூர் மாதிரிதான் இருக்கும், ஆனால் பகல் தினமும் கிட்டத்தட்ட நாலு நிமிடம் குறையும். குளிருக்குப் பயப்பட வேண்டாம், மழைச் சட்டை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

தேயிலைத் தூளைக் கட்டாயம் கொண்டு போங்கள். பால்மா வேண்டாம், அங்கே பாலுக்குப் பஞ்சமில்லை. ஒரு வடியையும் பெட்டியில் போடுங்கள். நாங்கள் மறந்துவிட்டோம். எல்லாரும் பையைத் தோய்த்துக் குடிக்கும் ஊரில் வடியை எங்கே தேடுவது? ஏழு நாளும் பதுளைக்காரனின் புது லேஞ்சியில்தான் வடிகட்டினோம். பயிற்சிக்கு அவன் அதையே சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்தான், சாயம் போகவே இல்லை.