போலந்து ஒரு மனுஷியாக இருந்தால்…

கல்லூரியில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாட்டை மனிதராகக் கற்பனை செய்து, அவருடைய வயது, குணம், தழும்பு எல்லாவற்றையும் எழுத வேண்டும். சீட்டு எடுத்ததில் எனக்குப் போலந்து வந்தது. மூன்று தடவை வெட்டிப் பங்கு போடப்பட்ட நாடு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் எழுதினால் எப்படி எழுதுவீர்கள்?
*(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)*

பெண்ணாகத்தான் எழுதுவேன். போலந்துக்காரர்களே அப்படித்தான் வரைந்து வைத்திருக்கிறார்கள். 1863-இல் ரஷ்ய ஜாரை எதிர்த்து ஒரு கிளர்ச்சி எழுந்து, நசுக்கப்பட்டது. அடுத்த வருடமே யான் மாத்தெய்கோ என்ற ஓவியர் அதைப் படமாக்கினார். கறுப்பு உடையில் ஓர் இளம்பெண், அவள் கையில் கொல்லன் விலங்கு பூட்டுகிறான், சுற்றி ரஷ்ய அதிகாரிகள். அந்தப் பெண்தான் போலந்து. கறுப்பு உடை ஓவியரின் கற்பனை இல்லை. அந்த வருடங்களில் போலந்துப் பெண்கள் நிஜமாகவே துக்க உடை உடுத்தினார்கள். பொன் நகையைக் கழற்றி வைத்துவிட்டு, சிலுவையும் சங்கிலியுமாகச் செய்த கறுப்பு நகைகளைப் போட்டுக்கொண்டார்கள். அதுவே கலகம் என்று அரசு தடை போட்டது.

ஆனால் உங்கள் கட்டுரையை அந்த விலங்கிலிருந்து தொடங்காதீர்கள். அதற்கு முன்னால் அவள் ஐரோப்பாவின் பெரிய வீடுகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரி. லித்துவேனியாவோடு சேர்ந்து பரந்த ராஜ்யம். 1573 முதல் அங்கே ராஜாவையே பிரபுக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பாராளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து 'எனக்குச் சம்மதம் இல்லை' என்று சொன்னால் போதும், அந்தக் கூட்டத்தொடரே கலைந்துபோகும். யாரும் யாரையும் அடக்கக் கூடாது என்ற எண்ணத்தில் வந்த வழக்கம்தான். அந்தச் சுதந்திரம் பிரபுக்களுக்கு மட்டும் என்பதையும், வயலில் உழைத்த குடியானவன் அடிமையாகவே இருந்தான் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். பக்கத்து நாடுகள் உறுப்பினர்களுக்குக் காசு கொடுத்தே சம்மதம் இல்லை என்று சொல்ல வைத்தன. சரி செய்துகொள்ள அவள் விழித்தபோது நேரம் கடந்திருந்தது. 1791 மே 3-இல் ஐரோப்பாவின் முதல் நவீன எழுத்து வடிவ அரசியல் சட்டத்தை நிறைவேற்றினாள். நான்கே வருடத்தில் நாடே இல்லை. ரஷ்யா, பிரஷ்யா என்ற ஜெர்மன் ராஜ்யம், ஆஸ்திரியா மூன்றுமாக 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் அவளைப் பங்கு போட்டுக்கொண்டன (1793-இல் மட்டும் ஆஸ்திரியா சேரவில்லை).

அதன்பின் 123 வருடங்கள் அவளுக்கு உடம்பே கிடையாது. நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்த காலத்தில் 1900-ஆம் ஆண்டின் ஐரோப்பா வரைபடத்தைச் சுவரில் மாட்டி, போலந்தைக் காட்டச் சொல்வேன். பிள்ளைகள் கரும்பலகைக் குச்சியை வைத்துக்கொண்டு ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே தேடிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம்தான் மரியா ஸ்க்வோதோவ்ஸ்காவின் கதையைச் சொல்வேன். நாம் மேரி கியூரி என்று அழைக்கிறவர்தான். வார்சாவில் ரஷ்ய ஆட்சியில் வளர்ந்தவர். அவர் படித்த பள்ளியில் ரகசியமாகப் போலிஷ் மொழியில் வரலாறு நடத்துவார்கள். ஆய்வாளர் வந்தால் புத்தகங்கள் மறைந்துவிடும், சிறுமி மரியா எழுந்து நின்று ஜார் மன்னர்களின் பெயர்களை ரஷ்ய மொழியில் ஒப்பிக்க வேண்டும். பெரியவளாகிப் பாரீசில் 1898-இல் கணவரோடு ஒரு புதிய தனிமத்தைக் கண்டுபிடித்ததும் அதற்குப் பொலோனியம் என்று பெயர் வைத்தார். வரைபடத்தில் இடமில்லாத நாட்டுக்குத் தனிம அட்டவணையில் இடம் பிடித்துக் கொடுத்தார். இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு வருடமும் தொண்டை அடைக்கும்.

உடம்பு இல்லாதவளின் உறுப்புகள் எங்கெங்கே கிடந்தன என்றும் பாருங்கள். இசைமேதை ஷோப்பான் 1849-இல் பாரீசில் இறந்தார். உடலை அங்கேயே புதைத்தார்கள். இதயத்தை மட்டும் அவர் விருப்பப்படி அக்கா லுத்விகா ஒரு ஜாடியில் வைத்து வார்சாவுக்கு மறைத்துக் கொண்டுவந்தார். திருச்சிலுவை ஆலயத்தின் தூண் ஒன்றுக்குள் இன்றும் இருக்கிறது.

அவளுடைய நம்பிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரீசில் நாடுகடந்து வாழ்ந்த கவிஞர் மிட்ஸ்கியேவிச் 1832-இல் ஓர் எண்ணத்தை விதைத்தார். நாடுகளுக்குள் போலந்துதான் கிறிஸ்து, அவள் படுகிற பாடு வீண் இல்லை, மற்ற நாடுகளை மீட்கத்தான் அவள் சிலுவையில் தொங்குகிறாள், மறுபடி எழுவாள். அன்று அது பெரிய ஆறுதல். தோற்றுப்போன மக்களை நிமிர்த்தி நிறுத்தியது. ஆனால் தன் துன்பம் புனிதமானது என்று நம்புகிறவளுக்கு, தன்னால் அடுத்தவருக்கு நேர்ந்த துன்பம் கண்ணில் படுவது கஷ்டம். கீழே இன்னொரு கேள்விக்கு இதை விரிவாகச் சொல்கிறேன்.

1918 நவம்பரில் எழுந்தாள். எழுந்தவளுக்கு மூன்று விதச் சட்டம், பல நாணயங்கள், மூன்று பேரரசுகள் தத்தம் வசதிக்குப் போட்ட ரயில் பாதைகள். முதல் உலகப் போரில் அவள் பிள்ளைகள் மூன்று சீருடைகளில் ஒருவரையொருவர் சுட்டிருந்தார்கள். இதையெல்லாம் ஒட்டுப்போட்டு முடிப்பதற்குள் 1939 செப்டம்பர் 1-இல் மேற்கிலிருந்து ஹிட்லர், 17-இல் கிழக்கிலிருந்து ஸ்டாலின். போர் முடிந்தபோது சுமார் 60 லட்சம் குடிமக்கள் இல்லை. அவர்களில் பாதிப் பேர் யூதர்கள்.

தழும்பு கேட்டீர்கள். இரண்டைச் சொல்கிறேன். ஒன்று ரஷ்யாவில் இருக்கும் கத்தீன் என்ற இடம். 1940-இல் அங்கும் வேறு சில இடங்களிலுமாக ஏறக்குறைய 22,000 போலந்துக்காரர்களை சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுப் புதைத்தது. ராணுவ அதிகாரிகள், போலீஸ்காரர்கள், போருக்கு அழைக்கப்பட்ட டாக்டர்கள், ஆசிரியர்கள். ஜெர்மானியர்கள் செய்தது என்று 1990 வரை மாஸ்கோ சாதித்தது. கம்யூனிஸ்ட் போலந்தில் அந்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் அப்பா எப்படிச் செத்தார் என்று வெளியே சொல்ல முடியாது. என் பார்வையில் கொலையைவிட நீண்ட நாள் வலித்தது அந்த வாய்ப்பூட்டுதான்.

இன்னொன்று வார்சா. 1944 ஆகஸ்ட் 1 மாலை 5 மணிக்கு நகர மக்கள் ஜெர்மானியருக்கு எதிராக எழுந்தார்கள். 63 நாள் தாக்குப்பிடித்தார்கள். சோவியத் படை விஸ்துலா ஆற்றின் அக்கரை வரை வந்தும் நகரைக் காப்பாற்றவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேலான பொதுமக்கள் மாண்டார்கள். சரணடைந்த பிறகு ஜெர்மானியர்கள் தெருத்தெருவாக நெருப்பும் வெடியும் வைத்து நகரத்தை அழித்தார்கள். அவள் என்ன செய்தாள்? பழைய நகரத்தை மறுபடி கட்டினாள். பழைய வரைபடங்கள், புகைப்படங்களோடு, 18-ஆம் நூற்றாண்டில் பெல்லோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த தெருக்காட்சிகளையும் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். 1980-இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இன்றும் ஆகஸ்ட் 1 மாலை 5 மணிக்குச் சங்கு ஒலிக்கும், கார், பஸ், நடப்பவர்கள் எல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள்.

வயது? ஆயிரத்தைத் தாண்டியவள். ஆனால் இப்போதைய உடம்புக்கு 1945-தான் பிறந்த வருடம். அது ஏன் என்பது அடுத்த பதிலில்.

என் மகன் மேற்படிப்புக்கு வ்ரோட்ஸ்வாஃப் என்ற ஊருக்குப் போகிறான். அது பழைய ஜெர்மன் ஊர் என்கிறார்களே, உண்மையா?
*(வாசகி, ஈரோடு)*

உண்மை. 1945 வரை அதன் பெயர் ப்ரெஸ்லாவ், மக்கள் ஜெர்மானியர். போருக்குப் பின் வல்லரசுகள் மேஜையில் உட்கார்ந்து போலந்தை அப்படியே மேற்கே நகர்த்தின. கிழக்கில் சுமார் 1,80,000 சதுர கிலோமீட்டர் சோவியத்துக்குப் போனது, மேற்கில் ஜெர்மனியிடமிருந்து சுமார் 1,00,000 கிடைத்தது. ப்ரெஸ்லாவின் ஜெர்மானியர்கள் பெட்டி படுக்கையோடு வெளியேற்றப்பட்டார்கள். அந்த வீடுகளில், இன்று உக்ரைனில் இருக்கும் ல்விவ் நகரத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்த போலந்துக் குடும்பங்கள் குடியேறின.

என் மகள் அங்கே வேலை பார்ப்பதால் போய்ப் பார்த்திருக்கிறேன். நடுச் சதுக்கத்தில் ஃப்ரெத்ரோ என்ற நாடக ஆசிரியரின் சிலை இருக்கிறது. அந்த ஊரில் வடித்த சிலை இல்லை, ல்விவில் நின்றது. 1956-இல் இங்கே நிறுத்தினார்கள். ஒஸ்ஸோலினேயும் என்ற நூலகத்தின் ஒரு பகுதியும் அப்படி ல்விவிலிருந்து வந்ததுதான். எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்டது ராட்ஸ்வாவீட்ஸே என்ற இடத்தில் 1794-இல் நடந்த போரின் வட்ட ஓவியம். 114 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். வட்ட மண்டபத்தின் நடுவில் நின்றால் சுற்றிலும் போர். அரிவாள் ஏந்திய குடியானவர்கள் ரஷ்யப் பீரங்கியைப் பிடிக்கிறார்கள். ல்விவில் வரைந்த அந்தத் துணியைச் சுருட்டி 1946-இல் இங்கே கொண்டுவந்தார்கள். ரஷ்யர்கள் தோற்கிற படத்தை மாஸ்கோவின் நிழலில் இருந்த அரசு எப்படி மாட்டும்? 1985 வரை சுருளாகவே கிடந்தது. உங்கள் மகனிடம் சொல்லுங்கள், ஊருக்குப் போனதும் முதலில் அதைப் பார்க்கட்டும்.

வீட்டுக்காரர்கள் இரண்டு பக்கமும் அகதிகளான ஊர் அது. போலந்துக்காரர்கள் வெகுகாலம் ஜெர்மானியர்கள் திரும்பி வந்து கேட்பார்களோ என்ற பயத்தோடு இருந்தார்கள். 1970-இல் மேற்கு ஜெர்மனி எல்லையை ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தப் பயம் தணிந்தது.

போலந்துக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
*(வாசகர், காரைக்குடி)*

இருக்கிறது, பெருமைப்படும்படியான தொடர்பு. ஸ்டாலின் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் கடத்திய போலந்துக் குடும்பங்களில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நிறைய. 1942-இல் குஜராத்தின் நவாநகர் மகாராஜா திக்விஜய்சிங்ஜி ஜாம்நகருக்குப் பக்கத்தில் பாலாசடியில் அவர்களுக்கு முகாம் அமைத்துக் கொடுத்தார். கோலாப்பூருக்குப் பக்கத்தில் வளிவடேயில் இன்னும் பெரிய முகாம், சுமார் 5,000 பேர். வார்சாவில் 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்றே ஓர் இடம் இருக்கிறது.

போலந்து பாவப்பட்ட நாடு என்று மட்டும் பேசினால் போதுமா? போலந்துக்காரர்களும் யூதர்களைக் கொன்றார்கள் என்று படித்தேன். அதை எங்கே வைப்பது?
*(வாசகர், கோயம்புத்தூர்)*

நடுவில் வைக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் அந்த மனுஷி பொய்யாகிவிடுவாள்.

1941 ஜூலையில் யெத்வாப்னே என்ற சிற்றூரில், ஜெர்மானியர் ஆக்கிரமித்த சில நாட்களில், யூதர்களை அவர்களோடு வாழ்ந்த போலந்துக்காரர்களே தானியக் கொட்டகையில் அடைத்துக் கொளுத்தினார்கள். குறைந்தது 340 பேர். 1946-இல், ஹிட்லர் செத்து ஒரு வருடம் கழித்து, கியல்ட்ஸே நகரத்தில் முகாம்களிலிருந்து தப்பி வந்த யூதர்கள் உட்பட 42 பேர் கும்பலால் கொல்லப்பட்டார்கள். 1947-இல் தென்கிழக்கில் வாழ்ந்த உக்ரைனியர்களையும் லெம்கோ என்ற சிறு மலைவாழ் இனத்தவரையும், சுமார் 1,40,000 பேரை, போலந்து அரசு ரயிலில் ஏற்றி மேற்கே சிதறடித்தது. ஊரைவிட்டுத் துரத்தப்படுவது எப்படி இருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தெரிந்தேதான் செய்தாள்.

அதே நாட்டில், யூதரை ஒளித்து வைத்தால் குடும்பத்தோடு மரண தண்டனை என்ற சட்டத்தின் கீழ், ஒளித்து வைத்தவர்களும் இருந்தார்கள். யூதர்களைக் காப்பாற்றியவர்களுக்கு இஸ்ரேல் தரும் அங்கீகாரம் பெற்றவர்களில் போலந்துக்காரர்களே அதிகம், 7,000-க்கும் மேல். ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க நான் சம்மதிக்க மாட்டேன். இரண்டும் அவளே.

இந்த மனுஷியின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த வருடம் எது என்று கேட்டால் 1965 என்பேன். அந்த நவம்பரில் போலந்துக் கத்தோலிக்க ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். எழுதுவதில் முன்னின்றவர் வ்ரோட்ஸ்வாஃபின் ஆயர் கொமினெக். அதில் 'மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம்' என்று இருந்தது. 60 லட்சம் பேரை இழந்தவர்கள் கேட்கிறார்கள்! துரத்தப்பட்ட ஜெர்மானியர்களின் துயரத்தையும் அந்தக் கடிதம் பேசியது. கம்யூனிஸ்ட் அரசு கொதித்தது, நாம் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பக்தர்களே கோபப்பட்டார்கள். ஐந்து வருடம் கழித்து மேற்கு ஜெர்மன் பிரதமர் வில்லி பிராண்ட் வார்சாவில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த சேரியின் நினைவிடத்தில் மண்டியிட்டதை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. முதலில் கை நீட்டிய கடிதத்தை அவ்வளவு பேருக்குத் தெரியாது, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

யெத்வாப்னேக்காக 2001-இல் ஜனாதிபதி க்வாஷ்னியெவ்ஸ்கி அந்த ஊரிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார். ஊர்க்காரர்களில் பலர் வரவில்லை. 2018-இல், நாஜிக் குற்றங்களுக்குப் போலந்து தேசத்தைப் பொறுப்பாக்கிப் பேசினால் சிறை என்றே சட்டம் கொண்டுவந்து, எதிர்ப்புக்குப் பிறகு சில மாதத்தில் சிறைத் தண்டனையை நீக்கினார்கள். ஆக, அவளுக்குள் இரண்டு பேர் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். திருநெல்வேலி மாணவியும் இதைப் படிக்க வேண்டும். அவளுக்கு ஒரே குரல் கொடுத்து எழுதாதீர்கள், அந்த வாதத்தையே எழுதுங்கள்.

அண்மைய உதாரணம் உக்ரைன். 1943-இல், இன்று உக்ரைனில் இருக்கும் வோலின் பகுதியில் உக்ரைனியத் தேசியவாதப் படை பல்லாயிரம் போலந்துக்காரர்களைக் கொன்றது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வாழும் நாட்டுக்குள்தான் 2022-இல் உக்ரைன் பெண்களும் குழந்தைகளும் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தார்கள். ப்ஷெமிஷ்ல் ரயில் நிலையத்தில் சூப்போடும் போர்வையோடும் மக்கள் காத்திருந்தார்கள், தங்கள் வீடுகளிலேயே தங்கவைத்தார்கள். அதே மக்கள்தான் வோலினில் கிடக்கும் எலும்புகளைத் தோண்டியெடுத்து முறையாக அடக்கம் செய்ய வேண்டும் என்று உக்ரைனிடம் விடாமல் கேட்கிறார்கள். உதவி செய்ததால் கேட்கிற உரிமை வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த உரிமை அவர்களுக்கு முன்பே இருந்தது, லெம்கோ குடும்பங்களுக்குப் போலந்திடம் கேட்கிற உரிமை இருப்பதைப் போல.