மாத்திரை ஆரம்பித்த பிறகு மகள் மோசமாகிறாளா?

பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு மனச்சோர்வு. மூன்று வாரமாக ஃப்ளூஆக்ஸெடின் மாத்திரை, கூடவே கவுன்சலிங். 'நல்லா வர்றா' என்கிறார் டாக்டர். 'எனக்கென்னவோ மோசமாகிற மாதிரி இருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று கேட்கிறார் ஒரு தாய்.

உங்கள் சந்தேகத்தைத் தள்ளிவிடாதீர்கள் அம்மா. மோசமாகப் போகிறவர்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் எங்கள் தொழிலுக்கு நல்ல பெயர் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். அமெரிக்காவில் 2005-ல் வந்த ஓர் ஆய்வில், சிகிச்சையிலிருந்த 550 பேரில் மோசமாகப் போகிறவர்கள் என்று கவுன்சலர்கள் சொன்னது 3 பேரை. மோசமானவர்களோ 40 பேர். அவர்களில் பெரும்பாலோரை வாராவாரம் நிரப்பிய கேள்வித்தாளின் மதிப்பெண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஞாயிறுதோறும் மகளையே நிரப்பச் சொல்லுங்கள். மொத்த மதிப்பெண் 27, கூடக்கூட மோசம். முதல் வாரத்தைவிட ஐந்து கூடினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களும், அளவை மாற்றிய நாட்களும்தான் கவனமாக இருக்கவேண்டிய காலம். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடக்கிறாளா? சும்மா எரிந்து விழுகிறாளா? மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல் படபடவென்று பேசுகிறாளா? இதெல்லாம் 'வயசுக் கோளாறு' கணக்கில் சேராது. இந்த வகை மாத்திரைகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் எச்சரிக்கை போட்டது. சிறார்களிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதம், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2. அந்த ஆய்வுகளில் தற்கொலை செய்துகொண்டு இறந்தவர் யாரும் இல்லை. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு.

'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை டப்பா உங்கள் பீரோவில் இருக்கட்டும். டாக்டர் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

அப்புறம், டாக்டரிடம் 'சரியில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'முதல் வாரம் 14, இப்போது 19, செவ்வாயிலிருந்து தூக்கம் மூன்று மணி நேரம்' என்று நோட்டைப் பிரித்துக் காட்டுங்கள்.