60-க்கும் 150-க்கும் நடுவே தொலைந்துபோன மிருதங்கம்

கேள்வி: எங்கள் ஹால் 16 அடி நீளம், 12 அடி அகலம். ரிசீவரோடு 5.1 செட் வைத்திருக்கிறேன். முன்னால் 5 இன்ச் ஊஃபர் உள்ள இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், அதே வகையில் ஒரு சென்டர், பின்னால் 3 இன்ச் குட்டி சேட்டிலைட் இரண்டு, ஷோகேஸை ஒட்டிய மூலையில் அடிமட்ட ஒலிக்கென்று 10 இன்ச் சப் ஊஃபர். மாட்டிக்கொடுத்தவர் ரிசீவரில் எல்லா ஸ்பீக்கருக்கும் கிராஸ்ஓவரை 150 ஹெர்ட்ஸில் வைத்தார். சப் ஊஃபரின் பின்பக்கக் குமிழை 60-ல் விட்டுவிட்டுப் போனார். படத்தில் குண்டு வெடித்தால் ஷோகேஸ் கண்ணாடி நடுங்குகிறது. ஆனால் ஆண் குரல்கள் மெலிந்து கேட்கின்றன, பாட்டில் தாளவாத்தியம் சப்பென்று இருக்கிறது. சப் வால்யூமைக் கூட்டினால் அதிர்வுதான் கூடுகிறது. குமிழை 150-க்குத் திருப்பு என்கிறார் மைத்துனர். 50-க்கு இறக்கு என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?
– மதுரை வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. முதன்முதலாக வீட்டில் ரிசீவர் வாங்கியபோது நானும் இதையேதான் செய்து வைத்திருந்தேன். ரிசீவரில் 120, சப் ஊஃபர் குமிழில் 50. இரண்டு மாதம் படமாகப் பார்த்துத் தள்ளினோம், எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கச்சேரி சிடி ஒன்றைப் போட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "ஏம்ப்பா, இவர் தொப்பிக்கு ரவை வைக்காமலே உக்காந்துட்டாரா?" என்றார். மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். ரவையைப் பிசைந்து அதில் அப்பினால்தான் கும்மென்ற கனம் வரும். அம்மாவின் அப்பா மிருதங்கம் வாசித்தவர். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த காது அது. வாசித்தவர் ரவை வைத்துத்தான் வாசித்திருக்கிறார். அதை நடுவில் தொலைத்தது நான்.

உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான். கிராஸ்ஓவர் என்பது பாஸை, அதாவது கனத்த அடிமட்ட ஒலியை, கூட்டிக் குறைக்கிற குமிழ் கிடையாது. ஸ்பீக்கர் தன் வேலையைச் சப் ஊஃபரிடம் கைமாற்றும் இடம் அது. ரிசீவரில் 150 என்று வைத்தால், "150-க்குக் கீழே நீ வாசிக்காதே, சப் பார்த்துக்கொள்ளும்" என்று ஸ்பீக்கரிடம் சொல்கிறீர்கள். சப் ஊஃபரிடமோ, "60-க்கு மேலே உனக்கு வேலை இல்லை" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். நடுவில் இருப்பதை யார் வாசிப்பது? வளர்ந்த ஆண் பேசும்போது குரலின் அடிநாதம் ஏறக்குறைய 85-லிருந்து 155 ஹெர்ட்ஸுக்குள் விழும். உங்கள் பள்ளம் மிகச் சரியாக அங்கேதான் இருக்கிறது. சப் வால்யூமைக் கூட்டினால் 60-க்குக் கீழே உள்ளதுதான் பெருக்கும், பள்ளம் அப்படியே கிடக்கும். கண்ணாடி நடுங்கியும் குரல் மெலிந்திருப்பது இதனால்தான்.

நண்பர் சொல்கிறபடி 50-க்கு இறக்கினால் பள்ளம் இன்னும் அகலமாகும். மைத்துனர் சொல்வது பாதி சரி. குமிழைக் கடைசி வரை திருப்பிவிடுங்கள். சப் ஊஃபரில் எல்எஃப்இ என்று எழுதிய சாக்கெட் இருந்தால் வயரை அதில் செருகுங்கள், பெரும்பாலானவற்றில் அது குமிழையே தாண்டிப் போய்விடும். ஆனால் ரிசீவரில் 150-ஐ அப்படியே விட்டால் அடுத்த தொல்லை வரும். கிராஸ்ஓவர் சுவர் மாதிரி நிற்காது, சரிவாகத்தான் இறங்கும். பல ரிசீவர்களில் சப் பக்கத்துச் சரிவு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவைக்கும், 24 டெசிபல். 150-ல் வைத்தால் 300 ஹெர்ட்ஸுக்குப் போன பிறகுதான் அந்த 24 டெசிபல் குறையும். அதுவரை குரலில் ஒரு பங்கு சப்பிலிருந்து வந்துகொண்டே இருக்கும். கதாநாயகன் திரையில் நிற்பார், குரலின் கனம் மட்டும் ஷோகேஸ் மூலையிலிருந்து வரும்.

ஆகவே வெட்டுவது ஒரே இடத்தில், ரிசீவரில் மட்டும். அதை 80-ல் வையுங்கள். இந்த 80 யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன எண் கிடையாது. லூகாஸ்ஃபிலிமில் டாம்லின்சன் ஹோல்மன் 1983-ல் உருவாக்கிய டிஹெச்எக்ஸ், வீட்டுத் தியேட்டருக்கும் பரிந்துரைக்கிற எண் இதுதான். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 14 அடி. நம் இரண்டு காதுக்கும் நடுவே இருப்பது அரை அடிதான். அவ்வளவு நீள அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரித்துச் சொல்வது கடினம். அதனால் பெட்டி மூலையில் இருந்தாலும் சத்தம் திரையிலிருந்து வருவதாகவே மனம் எடுத்துக்கொள்ளும்.

உங்கள் முன் ஸ்பீக்கர், சென்டர் இரண்டுக்கும் 80 பொருந்தும், 5 இன்ச் ஊஃபர் அதைத் தாங்கும். பின்னால் உள்ள 3 இன்ச் குட்டிகளுக்கு அது முடியாது. அவற்றை 120-ல், தேவைப்பட்டால் 150-ல் விடுங்கள். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் தனித்தனியாக வைக்க உங்கள் ரிசீவர் இடம் கொடுக்கிறதா என்று மெனுவில் பாருங்கள், பல ரிசீவர்கள் கொடுக்கும். அதே மெனுவில் 'லார்ஜ்', 'ஸ்மால்' என்று வரும். இதில் கௌரவம் பார்க்க வேண்டாம், எல்லாவற்றையும் ஸ்மாலில் வையுங்கள். 'பாஸை சப்புக்கு அனுப்பு' என்பதுதான் அதன் அர்த்தம். 'எல்பிஎஃப் ஃபார் எல்எஃப்இ' என்று இன்னொன்று இருந்தால் அது 120-லேயே இருக்கட்டும். படத்தில் தனியாகப் பதிவான அதிர்வு டிராக்குக்கு உரியது அது, ஸ்பீக்கர்களோடு சம்பந்தமில்லை.

சரி, எண்ணெல்லாம் வைத்தாகிவிட்டது. இனி உங்கள் ஹாலைப் பார்ப்போம், உண்மையான வேலை அங்கேதான். 16 அடி நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ், 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ்: இந்த இரண்டிலும் உங்கள் அறை தானாகவே ஊதிக் காட்டும். மூலையில் வைத்த சப் அந்த இரண்டையும் ஒருசேரத் தட்டி எழுப்புகிறது. இதை எந்தக் கிராஸ்ஓவராலும் சரிசெய்ய முடியாது, பெட்டியை நகர்த்தத்தான் வேண்டும். நீங்கள் வழக்கமாக உட்காரும் சோபா இருக்கையிலேயே சப்பைத் தூக்கி வையுங்கள் (இரண்டு பேராகத் தூக்குங்கள், இடுப்பு முக்கியம்). பாஸ் கிட்டார் ஏறி இறங்குகிற பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து தவழ்ந்தபடி கேளுங்கள். எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் ஒரே அளவில், தெளிவாகக் கேட்கிறதோ அங்கே சப்பை இறக்குங்கள். வீட்டில் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள், பரவாயில்லை. நான் போகிற வீடுகளில் இந்த அரை மணி நேரம் கொடுத்த பலனைப் புது ஒயர் வாங்கி யாரும் அடைந்து நான் பார்த்ததில்லை.

இடம் முடிவானதும் ரிசீவரோடு வந்த மைக்கை இருக்கையில் வைத்து ஆட்டோ செட்டப்பை மறுபடி ஓட்டுங்கள். முடிந்தவுடன் அது ஏதாவது ஒரு ஸ்பீக்கரை லார்ஜ் ஆக்கியிருக்கிறதா என்று பாருங்கள், ஆக்கியிருந்தால் மாற்றுங்கள். அது கண்டுபிடித்த கிராஸ்ஓவரை மேலே ஏற்றலாம், கீழே இறக்காதீர்கள். சப் தூரத்தை டேப் வைத்து அளந்ததைவிட அதிகமாகக் காட்டினால் திருத்த வேண்டாம். சப்புக்குள் இருக்கிற சர்க்யூட்டில் ஏற்படும் தாமதத்தைத்தான் அது அப்படித் தூரமாகக் கணக்கெடுக்கிறது.

கடைசியாக, சப்பில் இருக்கும் ஃபேஸ் ஸ்விட்ச். முன் ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து ஓடும்படி 80 ஹெர்ட்ஸ் டோனைப் போடுங்கள். நீங்கள் இருக்கையிலேயே இருங்கள், வேறு ஒருவர் ஸ்விட்சை 0-க்கும் 180-க்கும் மாற்றட்டும். எதில் சத்தம் அதிகமோ அதில் விடுங்கள். குறைவாகக் கேட்கிற நிலையில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கின்றன.

ஷோகேஸ் கண்ணாடிக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள். கண்ணாடி கிடுகிடுக்கும் ஓசை உயர்ந்த அதிர்வெண், காது உடனே அந்தப் பக்கம் திரும்பிவிடும். "சப் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது" என்று பலர் குறைப்படுவது இந்த மாதிரி உதறல்களால்தான்.

கேள்வி: டவர் ஸ்பீக்கர் வாங்கிவிட்டேன். இனி அவற்றை லார்ஜில் வைக்கலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: ஸ்மால், 60. முதலில் அப்படிக் கேளுங்கள். டவர் 40 வரை இறங்கினாலும், பாஸ் நன்றாக வரும் இடமும் ஸ்டீரியோ நன்றாக வரும் இடமும் ஒரே அறையில் ஒன்றாக அமைவது அரிது. டவரை நகர்த்த முடியாது, சப்பை நகர்த்தலாம். தவிர, அடிமட்ட பாஸ் சுமையிலிருந்து ரிசீவரின் ஆம்ப் தப்பிக்கும். 60, 80 இரண்டிலும் கேட்டுப் பார்த்து உங்கள் காதுக்கு ஒத்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபிளாட்டில் இருக்கிறோம். கீழ் வீட்டுக்காரர் அதிர்வு என்று புகார் சொல்கிறார். கிராஸ்ஓவரைக் குறைத்தால் சரியாகுமா?
– சென்னை வாசகி

பதில்: ஆகாது. தளத்தைத் தாண்டிக் கீழே போவது பெரும்பாலும் அடிமட்ட பாஸ். கிராஸ்ஓவரை 80-லிருந்து 60 ஆக்கினாலும் அது அப்படியேதான் போகும். அதை விட்டுவிட்டு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் சப் லெவலை 5, 6 டெசிபல் குறையுங்கள். ரிசீவரில் நைட் மோட் இருந்தால் போடுங்கள், வெடிச்சத்தம் அடங்கி வசனம் கேட்கும். சப்புக்கு அடியில் ரப்பர் பேட் வைத்தால் தரை வழியாகப் போகும் அதிர்வு கொஞ்சம் குறையும், காற்று வழியாகப் போவது குறையாது. அப்புறம், ஒரு நாள் அவர் வீட்டு ஹாலில் போய் நில்லுங்கள். மேலே உங்கள் வீட்டில் படம் ஓடட்டும். அவர் காதுக்கு எட்டுவது எவ்வளவு என்று தெரிந்தால் எந்த லெவலில் நிறுத்துவது என்பதும் தெரிந்துவிடும்.