மடிப்பாக்கம் அரை கிரவுண்டில் மூன்று மாடி: கட்டலாமா?

சென்னை மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டில் (1,200 சதுர அடி) இருக்கும் பழைய வீட்டை இடித்து, 80 லட்சம் கடனில் மூன்று மாடி கட்டி, இரண்டு தளத்தை வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடம் வரைவதுதான் என் பிழைப்பு, இருந்தாலும் முதலில் கணக்கைப் பார்ப்போம். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 69,000. நீங்கள் எதிர்பார்க்கும் வாடகையோ 40,000. மீதி 29,000 சம்பளத்திலிருந்து போகும். தாங்குமா?

தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனையின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு கட்டலாம் என்பது, உச்சவரம்பு. அதைக் கட்டியே தீரவேண்டும் என்பதில்லை. கான்ட்ராக்டர் வரைபடத்தில் நடு படுக்கையறையின் ஒரே ஜன்னல் குழாய் இறங்கும் டக்டைப் பார்க்கிறது. பகலிலும் விளக்கு போடவேண்டிய அறைக்கு யார் நல்ல வாடகை தருவார்?

பழைய வீட்டின் அஸ்திவாரத்தை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள். தாங்கும் என்றால் மேலே ஒரே மாடி போதும். இடித்துத்தான் ஆகவேண்டுமென்றால், 2015 வெள்ளத்தை மனதில் வைத்து, கீழ்த்தளத்தைப் பார்க்கிங்குக்கு மட்டும் விடுங்கள். மோட்டார், மீட்டர் பெட்டி எல்லாம் உயரத்தில் இருக்கட்டும்.