கரீபியன் பூர்வகுடிகளின் எதிர்ப்பை வரலாற்று நாவல்கள் உண்மையாகச் சொல்கின்றனவா?

டொமினிக்கன் எழுத்தாளர் மானுவேல் தெ ஹேசுஸ் கல்வானின் 'என்ரிக்கில்லோ' (1882) நாவலை வைத்துச் சொல்கிறேன். டொமினிக்கன் குடியரசில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படும் நாவல் அது. அதைப் பொறுத்தவரை என் பதில், பாதி உண்மை.

என்ரிக்கில்லோ, இன்று ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் ஹிஸ்பானியோலா தீவில் வாழ்ந்த தலைவர்; அங்கிருந்த பூர்வகுடிகளான தைனோக்களில் ஒருவர். 1503இல் அதே தீவின் ஹராகுவா பகுதியில் ஸ்பானிய ஆளுநர் ஒவாண்டோ, தைனோ தலைவர்களை ஒரு வீட்டுக்குள் வரவழைத்து அப்படியே தீ வைத்தார். அரசி அனகவோனாவைத் தூக்கிலிட்டார். அதற்குப் பின் துறவிகளிடம் வளர்ந்து, ஸ்பானிய மொழி எழுதப் படிக்கக் கற்றவர் என்ரிக்கில்லோ. வலென்சுவேலா என்ற பண்ணைக்காரன் இவருடைய குதிரையைப் பறித்தான், மனைவியிடமும் அத்துமீறினான். உள்ளூர் ஸ்பானிய அதிகாரியிடம் முறையிடப் போனால் கிடைத்தது மிரட்டலும் சிறையும்தான். சான்டோ டொமிங்கோவில் இருந்த உயர் நீதிமன்றமோ, ஒரு கடிதத்தைக் கொடுத்து அதே அதிகாரியிடமே திருப்பி அனுப்பியது. அப்புறம்தான், 1519 வாக்கில், தன் ஆட்களோடு பாவொருக்கோ மலைக்குப் போனார். 1533இல் ஸ்பானியரோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் வரை அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை.

அதே காலத்தில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் லாஸ் காசாஸ் எழுதிய ஒரு சம்பவம் என்னை மிகவும் பாதித்தது. ஸ்பானியர் பலர் ஒரு குகைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். விறகு போட்டுக் கொளுத்திவிடலாம் என்கிறார்கள் இவருடைய ஆட்கள். ஹராகுவாவில் என்ன நடந்தது என்று தெரிந்த மனிதர், ஆயுதங்களை மட்டும் வாங்கிக்கொண்டு அவர்களை உயிரோடு போகவிட்டார்!

கல்வானுக்கு இந்தப் பெருந்தன்மை மிகவும் பிடித்திருக்கிறது. நாயகன் நல்ல கிறிஸ்தவன், ஸ்பானியப் பேரரசரின் கடிதம் வந்ததும் அமைதியடைகிறான் என்று கதை இதமாக முடிகிறது. 1861இல் நாட்டை மறுபடி ஸ்பெயினோடு இணைத்ததை ஆதரித்தவர் கல்வான். அவருக்கு இப்படிப்பட்ட முடிவு வசதியாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பொறுமையில்லாத கலகக்காரர் தமாயோ, நாயகனின் நிதானத்தை எடுத்துக்காட்டத்தான் பயன்படுகிறார்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. அதே மலைகளுக்கு ஆப்பிரிக்க அடிமைகளும் தப்பி ஓடி வந்து, தைனோக்களோடு சேர்ந்து போராடினார்கள். ஆனால் 1533 உடன்படிக்கையில் என்ரிக்கில்லோ, தப்பி வரும் அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க ஒப்புக்கொண்டார். நாவல் அந்த ஆப்பிரிக்கர்களுக்குச் சரியான இடம் தரவில்லை. அந்த உடன்படிக்கைச் செய்தி வந்த நாளில் பாவொருக்கோவில் ஒளிந்திருந்த ஓர் ஆப்பிரிக்கரின் கண்ணில் இருந்து யாராவது இந்தக் கதையை எழுதினால், அதைத்தான் முதலில் வாங்கிப் படிப்பேன்.